தேய்மானம் சேராது

ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
ஒரு கிண்ணம் புதினா மிட்டாய்,
ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை,
சுவரில் ஏரியின் படம்.
நிஜ ஏரி அதே சுவருக்குப் பின்னால்
உறைந்து கிடக்கிறது.

வண்டியை வெளியே காதலித்து முடித்தவர்கள்
கையெழுத்துக்கு என்னிடம் வருவார்கள்.

வெர்னா மாக்கினென் வந்தது பிப்ரவரியில்,
சுழியத்துக்குக் கீழே பதினொன்று காட்டிய செவ்வாய்க்கிழமை.
டுலூத்தின் பள்ளிப் பேருந்தை
முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர்.
விற்பனைப் பையன் ட்ராய் முதலில்
சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டியிருக்கிறான்:
ஏறி இறங்கச் சுலபம், பின்னால் தாராளமாய் இடம்.
"நாற்பது பிள்ளைகளுக்கு இடம் வைத்து ஓட்டியாயிற்று.
எனக்கு மட்டும் ஒன்று காட்டு."

அப்படி வந்ததுதான் அந்தச் செம்பு நிறம்.
தாழ்ந்த கூரை, டர்போ,
வாலருகே சரிந்து இறங்கும் கண்ணாடி.
அதன் வழியே பின்னால் சரியாகத் தெரியாது என்று
ட்ராயே ஒப்புக்கொண்டானாம்.
"நல்லது. நான் வாழ்ந்ததே பின்கண்ணாடியில்தான்."
மேட்டுத் தெருவில் ஸ்போர்ட் மோடை அழுத்தி
அவனை இருக்கையோடு ஒட்டவைத்திருக்கிறார்.
சாவியை என் மேசையில் வைத்தபோதும்
பையன் முகத்தில் ரத்தம் திரும்பவில்லை.

நான் என் தாளை நகர்த்தினேன்.
பிளாட்டினம், தங்கம், வெள்ளி.
பேனா முனை பிளாட்டினத்தின் மேல், தற்செயலாக என்பதுபோல.
ஏழு வருஷம், லட்சம் மைல்,
மூவாயிரத்துச் சொச்சம் டாலர்.
மாதக் கணக்கில் சொன்னால் சின்னதாய்த் தெரியும்.
மாதக் கணக்கில்தான் சொல்வேன்.

அவர் தாளைத் திருப்பினார்.
பதினோரு வருஷத்தில் யாரும் திருப்பாத பக்கம்.
மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு
எறும்பு எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

துரு?
சேராது.
ரோட்டில் நகராட்சி கொட்டுகிற உப்பால் வந்தால்?
அதுவும் சேராது.
பிரேக் கட்டை, வைப்பர்?
தேய்மானம் சேராது.
மான் குறுக்கே பாய்ந்தால்?
அது இன்சூரன்ஸ். வேறு காகிதம்.

"ஆக, உடைய வேண்டும்.
அதுவும் தானாகவே உடைய வேண்டும்."
ஆமாம் என்றேன்.
வலது முழங்காலைத் தட்டிக்காட்டினார்.
"டைட்டானியம். பதினைந்து வருஷம் தாங்கும் என்றார் டாக்டர்.
எழுதித் தரச் சொன்னேன், சிரித்தார்."

இணை உரிமையாளர் என்ற கட்டத்தில்
நேராக ஒரு கோடு கிழித்தார்,
அளவுகோல் இல்லாமல்.

பிறகு கேட்டார்:
"உங்கள் வண்டிக்கு இதை எடுத்திருக்கிறீர்களா?"

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
இதற்கு என்னிடம் தயாராய் ஒரு பதில் உண்டு,
நன்றாகத் தேய்ந்து வழவழப்பானது.
அன்றைக்கு அது வாயில் வரவில்லை.
இல்லை என்றேன்.

மிட்டாய் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.
"பதினாலாம் எண் பேருந்து சாவதற்கு முன்
ஒரு குளிர்காலம் முழுக்க இருமியது.
எஞ்சின் சொல்லிவிட்டுத்தான் போகும்.
கேட்கிற காது எனக்கு இருக்கிறது,
டர்போவுக்கு ஒரு தனிக் கணக்கில் பணம் போட்டுக்கொள்வேன்.
ஆனால் இந்தத் திரை, சென்சார், கேமரா...
நேற்று வரை வெளிச்சமாய் இருக்கும்.
காலையில் பொத்தானை அழுத்தினால் கறுப்பு.
ஒரு சத்தமும் இருக்காது."

கொஞ்ச நேரம் மிட்டாயை மென்றார்.

"மின்னணுவுக்கு மட்டும் என்ன விலை?"

அப்படி ஒரு வரி மூன்று பத்திகளிலும் இல்லை.
கணினியில் தேடினேன், இருந்தது,
எனக்குக் கமிஷன் அதிகம் தராத மூலையில்.
ஐந்து வருஷம். எழுநூற்று நாற்பது.
அறுநூறு என்றார்.
அறுநூற்று ஐம்பதில் கைகுலுக்கினோம்.

அவர் புறப்படுவதைப் பார்க்க வாசலுக்குப் போனேன்.
அப்படிப் போகிற வழக்கமில்லை.
செம்பு நிறம் சரிவில் இறங்கி
இரும்புத்தாது ரயில் போகும் தண்டவாளத்தின் முன் நின்றது.
ரயில் இல்லை. கதவுச் சட்டம் தாழ்ந்திருக்கவில்லை.
ஆனாலும் நின்றது,
பிள்ளைகள் நிறைந்த பேருந்து நிற்பதுபோல.
அந்தக் குளிரில் ஜன்னல் இறங்கியது.
இடப்பக்கம் கேட்டார், வலப்பக்கம் கேட்டார்.

ஜன்னல் ஏறியது.
அப்புறம் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.
மேடு முழுக்க உறுமல்,
உப்பும் பனியும் என் சட்டைமேல்.