கீறல் கணக்கு

போர்ட் பிளேர் விமானம் ரத்து.
புயலுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.
எங்கள் நான்கு நாள் விடுப்புக்கு
ஒருவரும் வைக்கவில்லை.

மீனம்பாக்கத்தில் மெட்ரோ தூணடியில்
ஜெபசிங் சொன்னான்:
"தீவு போனா என்ன மேடம், வண்டி இருக்கு."
கறுப்புப் பலகையில் மஞ்சள் எண்.
ஏற்கெனவே உள்ள கீறல்களை
குனிந்து குனிந்து படமெடுத்து
கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.
நிக்காஹ் அன்று யாரும்
இப்படிச் செய்யவில்லையே என்றேன்.
தமீம் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

பின்சீட்டில் நீச்சல் கண்ணாடி,
விலைச்சீட்டு கிழிக்காத ஓலைத் தொப்பி.
கிண்டியில் பிடித்துக்கொண்டது மழை.
வைப்பர் ஒன்றுதான் ஆடியது, அவர் பக்கம்.
எனக்கு மவுண்ட் ரோடு முழுக்க
வெறும் தண்ணீரும் சிவப்பு விளக்குகளும்.

"இதுவும் தீவுதானே?"
தீவுத்திடலில் வண்டியைத் திருப்பினார்.
ஒன்பது வருஷத்தில்
அவர் அடித்த முதல் ஜோக்.
இந்தப் பக்கம் கூவம், அந்தப் பக்கமும் கூவம்.
பொருட்காட்சிக்காரர்கள் பாதி பிரித்த ராட்டினம்
தொட்டில்களில் மழை பிடித்துக்கொண்டிருந்தது.
சுற்றினோம்.
இன்னொரு தரம் என்றேன்.
மன்றோவின் குதிரை மூன்று முறையும்
எங்களுக்கு வழிவிட்டது.
கண்ணாடியை இறக்கினேன்.
நாற்றம்தான். ஏற்றவில்லை.

ஜெபசிங் டார்ச் அடித்து வலம்வந்தான்.
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
"அவ்ளோதானா? எங்க மேடம் போனீங்க?"
நான் வாயைத் திறக்குமுன்
தமீம் திரும்ப நடந்து
பின்கதவைத் திறந்து
தொப்பியை எடுத்துத்
தன் தலையில் வைத்துக்கொண்டார்.
காதோரம் விலைச்சீட்டு
ஆடிக்கொண்டே வந்தது.