இருபதாவது ஈயம்

தண்ணி இல்லாம அரிக்கணும், முடியுமா என்றாள் சம்மனசு.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி முழுதும் போய்த் தீரும்வரை
நான் பதில் சொல்லவில்லை.

சவுக்கார்பேட்டையில் நகைப்பட்டறைச் சந்துகளை
விடியுமுன் பெருக்குகிறவள்.
படிக்கட்டு மூலை, கால்மிதி, சாக்கடை வாய்,
ஒவ்வொரு இடத்துத் தூசிக்கும் தனிப் பை.
ஒரு வருடத் தூசிக்கு முன்பணம் கட்டியிருக்கிறாள்.
தூசிக்கு முன்பணமா என்று நான் சிரித்தபோது
அவள் சிரிக்கவில்லை.

லாரித் தண்ணி குடக் கணக்கு, சரி.
பாதரசம் ஏன் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.
கூட வந்த புருஷன் டீ கிளாஸை
இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.
அப்படியும் சட்டையில் சிந்தியது.

பழைய கிரைண்டர் மோட்டார்.
அச்சில் ஒருபக்கமாய்க் கனமான ஒரு நட்டு,
உலுக்குவது அதன் வேலை.
உலைக்கு வாங்கி ஓரங்கட்டிய ப்ளோயர்.
சரிவாய் ஒரு தட்டு, குறுக்கே ஏழு சட்டம்,
அடியில் காடாத் துணி.
துணி வழியே காற்று விட்டுவிட்டு மூச்செறிய
மண் மிதந்து சட்டம் தாண்டிப் போய்விடும்,
கனத்தது மட்டும் தங்கும் என்றேன்.
தங்குறதாலதான் தங்கமா? என்றான் புருஷன்.
அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

சோதிக்கத் தங்கத்துக்கு எங்கே போவது?
காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயம் வாங்கி
நொய்யளவுக்கு வெட்டித் தட்டையாக்கி
இருபது எண்ணி மண்ணில் கலந்தேன்.
திரும்பி வந்தது ஒன்பது.
காற்றைக் குறைத்தேன். பதினான்கு.
பிறகு கடல்காற்று. பதினோரு மணிக்கே மண் பிசுபிசுத்து
துணிமேல் அடை அடையாய் உட்கார்ந்துகொண்டது.
தகரத்தில் கொட்டி, அடியில் அடுப்பு மூட்டி,
கரண்டியால் ரவை வறுப்பதுபோல் வறுத்தேன்.
பார்த்துப்போன தண்டையார்பேட்டை மச்சான்
இன்றுவரை என்னை உப்புமா என்றுதான் கூப்பிடுகிறான்.
பின்கால் ஒன்றுக்கு அடியில்
ஐந்து ரூபாய் நாணயம் வைத்தேன். பத்தொன்பது.
இருபதாவது எங்கே என்று
சட்டங்களைக் கழற்றி, துணியை உதறி,
என் செருப்படியைக்கூடப் பார்த்தாயிற்று.

சனிக்கிழமை அவள் முதல் பையை அவிழ்த்தாள்.
மூன்றாம் சட்டத்தில் மஞ்சள்.
கத்துவாள் என்று நினைத்தேன். குந்திக்கொண்டாள்.
காந்தம் இரும்பை எடுத்துக்கொண்டது,
மஞ்சள் மிச்சம்.
ஒரு சொட்டு ஆசிட் விட்டாள்.
பச்சையாய் நுரைத்தது.
பித்தளை.
போன வாரம் நான் கடைந்த வால்வின் சீவல்,
என் பட்டறைக் கூரையிலிருந்து, என் லேத்திலிருந்து
நானே தூவியது.

எனக்குத்தான் முகம் சுருங்கியது.
அண்ணே, சந்துலயும் இப்படித்தான் என்றாள்,
பத்து நாள் மின்னும், ஒரு நாள்தான் இருக்கும்.

மெஷினைத் தெருவுக்கு இழுத்தோம்.
கேட்டில் நின்ற ஆட்டோக்காரர்கள்
என்னமோ பஞ்சு மிட்டாய் என்று எட்டிப் பார்த்தார்கள்.
பதினோரு பை. மூக்கில் சேலைத் தலைப்பு.
மணலிப் பக்கமிருந்து வந்த காற்று நின்றபோதெல்லாம் ஓட்டினோம்.
இந்தமுறை மின்னவில்லை.
மட்டமான மஞ்சள்தூள் போல மங்கலாய் ஒரு கோடு.
ஆசிட் விழுந்தும் அது
வாயே திறக்கவில்லை.

நூற்றி நாற்பது மில்லி.
அவள் விரல்களை மடக்கி எதையோ கழித்தாள்,
முன்பணத்திலிருந்தா, எனக்குத் தரவேண்டியதிலிருந்தா,
தெரியவில்லை. மூணு தவணையா தரேன் என்றாள்.

மீன்பாடி வண்டியில் ஏற்றி, கயிறு இறுக்கும்போது
நாணயத்தை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
உள்ளே ஒரு ஈயம் இருக்கு, எப்பவாவது வெளிய வரும்,
தங்கம்னு நினைச்சுடாதே என்றேன்.

வெளிய வந்தா சாய்வு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்,
உன்கிட்டத்தான் தூக்கிட்டு வருவேன் என்றாள்.

கேட் திறந்தது.
புருஷன் பின்னால் தள்ளினான்,
கம்பியைப் பிடித்தபோது
அவன் கை நடுங்கவில்லை,
அல்லது வண்டியே குலுங்கியதில்
எனக்குத் தெரியவில்லை.