ஒருவேளை

மணிக்கணக்கில் கூலி எனக்கு.
இருவர் பேசாமலிருக்கும் நேரத்துக்கும்
சேர்த்துத்தான் தருகிறார்கள்.

இலுலிசாட் மருத்துவமனை. மூன்றாம் அறை.
ஜன்னலில் ஒரு பனிப்பாறை
தரைதட்டிய கப்பலைப்போல
நேற்றிலிருந்து அதே இடத்தில்.

டென்மார்க்கிலிருந்து ஆறு வாரத்துக்கு வந்திருக்கும்
டாக்டர் ஹென்னிங் கேட்கிறார்: வலிக்கிறதா?
நான் என் மொழியில் கேட்கிறேன்: வலிக்கிறதா?
யுவாக்கா புருவத்தை உயர்த்துகிறார்.
டாக்டரின் கண் காகிதத்தில்.
மறுபடி கேட்கிறார், சற்று உரக்க,
காது மந்தமானவரிடம் கேட்பதுபோல.
மறுபடியும் புருவம்.

'பதில் இல்லை' என்று எழுதப்போன பேனாவை
விரலால் தொட்டு நிறுத்தினேன்.
டாக்டர், அவர் இரண்டு முறை ஆமாம் சொல்லிவிட்டார்.
எப்போது?
நீங்கள் குனிந்திருந்தபோது.
இங்கே ஆமாம் நெற்றியில் இருக்கிறது.
இல்லை மூக்கைச் சுருக்குவதில்.

காது சிவந்தது அவருக்கு.
காகிதத்தைக் கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தார்.

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து
நுரையீரலில் ஒரு நிழல் என்றார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நிழல் என்று நான் சொன்னால்
இவர் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்.
நாற்பது வருடம் தூண்டில் கயிறு இழுத்தவர்,
ஹாலிபட் மீனோடு வரும் முள்ளையும் கொக்கியையும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்.
நிழலா டாக்டர், கட்டியா?
கட்டி, என்றார் மெதுவாக.
சொன்னேன்.

யுவாக்கா தன் கைகளைப் பார்த்தார்.
இடது சுண்டுவிரலில் பாதிதான்.
மீதியை எந்தக் குளிர்காலம் கொண்டுபோனதோ.

கோபன்ஹேகன் போகலாம், கதிர்வீச்சு தரலாம்,
வியாழக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறது,
சம்மதமா என்று கேளுங்கள்.
கேட்டேன்.
இம்மக்கா, என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்
செவெரினாவும் இதே சொல்லைச் சொன்னாள்.
அன்றும் விமானம் காத்திருந்தது,
வேறொரு டாக்டர் மணிக்கட்டைப் பார்த்தபடி இருந்தார்.
நான் 'சரி என்கிறாள்' என்றேன்.
அவ்வளவுதான். ஒரு சொல்லின் அவசரம்.
ஆறாம் மாடியில், கார் நிறுத்தம் தெரியும் ஜன்னலோரம்,
தன் பேச்சு யாருக்கும் எட்டாமல் போய்ச் சேர்ந்தாள்.
திரும்பி வந்த விமானத்தில்
உருளைக்கிழங்கு மூட்டைகளும் இருந்தன.

என்ன சொன்னார்? டாக்டர் கேட்டார்.
இம்மக்கா என்றார்.
அப்படியென்றால்?
ஒருவேளை.
ஆமாம் பக்கமா, இல்லை பக்கமா?
எந்தப் பக்கமும் இல்லை டாக்டர்.
அது அங்கேயே நிற்கிற சொல்.

அவர் ஏதோ சொல்ல வந்தார்.
விழுங்கிக்கொண்டார்.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
வெளியே எங்கோ பனி பிளக்கும் ஓசை,
துப்பாக்கி வெடித்ததுபோல,
அதற்குப் பதிலாக ஊர் நாய்கள் மொத்தமும்.
சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடம்.
யாரும் எதையும் என்னிடம் கொடுக்கவில்லை,
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோக.

நாய்கள் ஒன்பது, என்றார் யுவாக்கா கடைசியில்.
ஒன்றுக்குச் சினை.
சொன்னேன்.
எப்போது ஈனும் என்று டாக்டர் கேட்டார்.
நல்ல கேள்வி. அதை மிகக் கவனமாக மொழிபெயர்த்தேன்.
இருவரும் என்னை மறந்து
ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவரே எழுந்துபோய் காப்பி கொண்டுவந்தார்.
வாசலில் நின்றபடி சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.
யுவாக்கா மூக்கைச் சுருக்கினார்.
பொட்டலம் சட்டைப்பைக்குள் திரும்பிப் போயிற்று.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சம்மதம், மறுப்பு.
பேனாவை இரண்டுக்கும் நடுவில் வைத்து
எப்படி எழுதுவது என்று கேட்டார்.
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.
நான் திருத்தவில்லை.