எர்த்

சிவப்புப் பெட்டி. ஒரு செங்கல்லில் பாதி.
முன்னால் இரண்டு மைக் துளை, மூன்று குமிழ்,
நாற்பத்தெட்டு வோல்ட் என்றொரு பொத்தான்.
"அத மட்டும் சும்மா அமுக்காதீங்க" என்றார்
கிளாட்வின் ஜெபராஜ், பெரம்பூர் ஜமாலியாவில்,
மூன்றாம் மாடியில், நாலாயிரத்து இருநூறை
இரண்டு முறை எண்ணிக்கொண்டே.

"பாடுவீங்களா?"
"ஜிஎஸ்டி ஃபைல் பண்ணுவேன்."
சிரித்தார். அந்த அறையில் சிரிப்பு
சுவரைத் தொடாமலே கீழே விழுந்தது.
ஒரு சுவர் முழுக்கப் புத்தகம்,
ஒரு சுவரில் ஆணியடித்த இலவம்பஞ்சு மெத்தை,
சன்னலுக்குக் கம்பளி,
தரையில் இரண்டு மடிப்பாக ஜமக்காளம்.
அங்கே இருமினால்
அது இருமலாக மட்டுமே இருந்தது.

லேப்டாப்பின் சொந்தத் தொண்டை
போன வருஷமே கிழிந்துவிட்டது. அதற்குத்தான் இது.
இருபதாம் தேதி ராத்திரி போர்ட்டல் தொங்கும்போது
வருமே ஒரு 'டொய்ங்',
அது இப்போது வால் நுனி வரை கேட்கிறது.
தப்புக்கு இத்தனை நல்ல ஒலி எதற்கு.
காப்சா எண் வாசிக்கும் பெண்
ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மூச்சு இழுக்கிறாள்.
இத்தனை வருஷமாகத் தெரியாது எனக்கு.

கீபோர்டில் சத்தம் கூட்டும் பொத்தான் செத்தது.
கை நீட்டித் திருக வேண்டும்,
கேஸ் அடுப்பு மாதிரி.
என் குரல் இடது காதில் மட்டும் விழுவதாக
ஆடிட்டர் வேம்புலி சார் புகார்.
வலது காதை வீட்டம்மாவுக்கு வெச்சுக்கோங்க சார் என்று
சொல்ல நினைத்து,
செட்டிங்கில் மோனோவைத் தேடினேன்.

ஒரே தொல்லை, முனகல்.
சார்ஜர் போட்டால் ஹெட்ஃபோனுக்குள் 'ம்ம்ம்' என்று
யாரோ ஒத்துக்கொண்டே இருப்பார்கள்.
எலெக்ட்ரீஷியன் தஸ்தகீர் பிளக் பாயின்ட்டைக் கழற்றி
"எர்த் இல்லம்மா, இந்த பில்டிங்குக்கே" என்று
மறுபடி மூடிவிட்டுப் போனார்.
வைத்தியத்தை நானே கண்டுபிடித்தேன்:
லேப்டாப் மூடியில் உள்ளங்கையை வைத்தால் நிற்கும்.
எடுத்தால், ம்ம்ம்.
செருப்பு கூடாது. மொசைக்கில் பாதம் படிய வேண்டும்.
நான்தான் எர்த்.
ஒற்றைக் கையில் இன்வாய்ஸ் அடிக்கப் பழகிவிட்டது.

ஐப்பசி மழை. கரண்ட் போய் வந்த இரவில்
கிளாட்வின் கூப்பிட்டார், வீடியோ இல்லாமல்.
"பெட்டி எப்படிப் போகுது?"
"நல்லா."
"சவுண்டு?"
"முனகல்தான் கொஞ்சம்."
"சார்ஜரக் கழட்டிப் பாருங்க."
கழற்றவில்லை. கையை வைத்தேன்.

முனகல் போனது.
அதற்குப் பின்னாலிருந்து அவர் அறை வந்தது.

ஒவ்வொரு சொல்லும் எதிர்ச் சுவர் வரை நடந்து
தனியாகத் திரும்பியது.
"இங்க எல்லாம் நல்லபடியா."
-டியா, என்றது மூலை.
புத்தகச் சுவர் இல்லை. மெத்தை இல்லை.
ஜமக்காளம் கிடந்த இடத்தில்
வெறுங்கால் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்.
கம்பளியும் போயிருக்க வேண்டும்:
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ரயில்
முழுசாக உள்ளே வந்து
முழுசாக வெளியே போனது.

"வேலை?"
"போயிட்டிருக்கு."
-ருக்கு.

எத்தனைக்கு விற்றார், யாருக்கு,
மெத்தையையுமா.
ஐயாயிரம் சொன்னதில்
எண்ணூறு குறைத்தவள் நான்.

"ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் வர்றேன்," என்றேன்.
"வீட்டுக்கு வரலாமா?"
கொஞ்ச நேரம் அறை மட்டும் இருந்தது லைனில்.
"வாங்க," என்றார். "உட்காரத்தான்..."
மேலே சொல்லவில்லை.

கை மரத்துப்போயிருந்தது.
எடுக்கவில்லை.