தொலைந்த பந்து

கூட்டம் ஏழு மணிக்கு. மின்விசிறி மூன்றாம் எண்ணில்தான் ஓடும்.
கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கும் சத்தம்.
பேச வேண்டியது ஒன்றே ஒன்று:
டெரிக் ரொசாரியோ, வயது முப்பத்தெட்டு,
செம்பியம் யூனியன் கிளப்புக்கு
இன்னொரு வருஷம் வேண்டுமா, வேண்டாமா.

நான் பொருளாளர்.
எவ்வளவு தூரம் அடித்தான் என்று என்னைக் கேட்காதீர்கள்,
எத்தனை ரூபாய்க்கு அடித்தான் என்று கேளுங்கள்.
என் லெட்ஜரில் ஒரு வரி உண்டு,
வேறெந்தக் கிளப் கணக்கிலும் நான் பார்த்ததில்லை:
தொலைந்த பந்து.

அவன் வந்த வருஷம் முப்பத்தொன்று.
லோகோ ஷெட் சுவரைத் தாண்டி
காலி வேகனில் விழுந்த ஒன்று
கூடூர் வரைக்கும் போயிருக்கும்.
ஒன்று சர்ச் ஆஸ்பெஸ்டாஸை உடைத்தது, அதற்குத் தனி வவுச்சர்.
பந்து என்ன விலை தெரியுமா என்று சண்டைக்குப் போனேன்.
"காசு பறக்குதுல்ல, பாக்கவாவது பாருங்க சார்."
பார்த்தேன்.
பொய் சொல்வானேன், வரவைவிட அந்தச் செலவைத்தான்
நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

பிறகு இருபத்தாறு. பத்தொன்பது.
கொரோனா வருஷம் வெறும் கோடு.
பதினொன்று.
போன சீசன் நான்கு,
அதிலும் ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போனது.

மீதியெல்லாம் லாங் ஆனில் நிற்கிற பையன்கள் கையில்.
ஒரு ஞாயிறு, யாரும் இல்லாத நேரம்,
கிரீஸிலிருந்து நடந்து அளந்தேன்.
கேட்ச் பிடித்த இடத்துக்கு அறுபத்தேழு காலடி.
கயிற்றுக்கு எழுபது.
மூன்றடி கேட்டவன் ஒருவன்
உலகத்தையே அளந்துவிட்டான் என்பார்கள்.
இவனுக்கு வெறும் மூன்றடிதான் வேண்டும்.
அதைத் தர எவனும் இல்லை.

செயலாளர் தணிகாசலம் வேண்டாம் என்றார்.
இவனுக்கு இரண்டு லட்சம். புளியந்தோப்பில் ஒருத்தன்,
பத்தொன்பது வயது, முட்டி வலி என்றால் என்னவென்றே தெரியாது,
எண்பதாயிரத்துக்கு வருவான்,
ரெண்டாவது ரன்னுக்கும் ஓடுவான்.

கோச் வஹாப் வேண்டும் என்றார்.
"அவன் பேட் கட்டும்போதே மூணு பேரைக் கயித்துக்கு அனுப்பிடுறாங்க.
அந்த மூணு பேர் விட்டுட்டுப் போன எடத்துல
நம்ம பசங்க ஒண்ணு ரெண்டுன்னு தட்டி எடுக்குறாங்க.
அது எந்தக் கணக்குல வரும்?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
எந்தக் கணக்கிலும் வராது.

தாம்பரத்தில் ஒரு டீம் அவனைக் கேட்கிறதாம், என்றார் ஒருவர்.
தாம்பரத்தில் எப்போதும் ஒரு டீம் கேட்கும்.

"பேசாம கயித்த மூணடி உள்ள இழுத்துக் கட்டினா?"
சிரித்தோம்.
சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் பேசியது.

மூன்றுக்கு மூன்று. மிச்சம் என் கை.
பாதிச் சம்பளம், ஒரே சீசன்,
ஆறாவதாக இறங்கட்டும் என்றேன்.
அது ஆமாவா இல்லையா என்றார் தணிகாசலம்.
எனக்கும் தெரியவில்லை.

போன் நான்தான் போட்டேன்.
பின்னால் மூலக்கடை சிக்னலின் ஹாரன்கள்.
முழுசாகக் கேட்டான்.
"போன வருஷ பேட்டா எண்ணூறு பாக்கி இருக்கு சார்."
இருந்தது. மறந்தது நான்.
"ஆறாவதா?" என்றான்.
ஒரு பஸ் கடந்து முடிக்கும்வரை
இரண்டு பேரும் காத்திருந்தோம்.
"மெர்லின்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

இன்று திங்கள். இன்னும் சொல்லவில்லை.
பட்ஜெட்டை நாளை கொடுத்தாக வேண்டும்.
மைதான வாடகை எழுதிவிட்டேன்,
எலுமிச்சம்பழம், ஐஸ், அம்பயர் டீ எழுதிவிட்டேன்.
தொலைந்த பந்துக்கு நேரே
பென்சிலால் பன்னிரண்டு என்று போட்டேன்,
அழித்தேன்,
மறுபடியும் பன்னிரண்டே போட்டேன்.
எண்ணூறை மட்டும் பேனாவால்.