கட்டிடம் எண் ஏழு

செவலாங்குளம் ரோடு என்று ஸ்டேஷனுக்குப் பெயர்.
செவலாங்குளம் இங்கிருந்து நாலு மைல்.
ரயிலுக்காக அந்த ஊர் நகரவில்லை;
ரயிலைச் சுற்றி இன்னொன்று முளைத்தது:
ஏழு கட்டிடம், ஒரு புளியமரம், பிறகு ஒரு பரோட்டாக் கடை.

இடிக்கலாமா என்று எழுதித்தர வந்திருக்கிறேன்.
நாடாவின் மறுமுனை முப்பிடாதி கையில்.
அடிக்கணக்கில் கட்டியதை மீட்டரில் அளந்தால்
ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் மிச்சம் விழுகிறது.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

ஒன்று, டிக்கெட் ஜன்னல்.
சில்லறை தேய்த்துத் தேய்த்துத்
தேக்குப் பலகையில் உள்ளங்கை அளவு குழி.
ஓடு உடைந்த வழியே வந்த
நேற்றைய மழை அதில்.

இரண்டு, சரக்குக் கொட்டடி.
பயன்பாடு: இல்லை
என்று எழுதும்போதே தும்மல்.
தரை முழுக்க நிலவாகை இலை காய்கிறது.
கிண்டிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்,
"வாடகைன்னு எதையும் எழுதிராதீய."

மூன்றுக்கும் நான்குக்கும் கூரை இல்லை.

ஐந்து, பெண்கள் தங்கும் அறை.
உள்ளே தாழிட்டிருந்தது.
இருபது வருஷமாய்ப் பூட்டிய கட்டிடத்தை
யார் உள்ளிருந்து தாழிடுவார்கள்?
"அப்புறம் பாப்போம் மேடம்" என்றான் முப்பிடாதி.
அப்புறம் பார்க்கவில்லை.

ஆறு, தண்ணீர்த் தொட்டி.
செய்த கம்பெனியின் பெயரில்
முதல் மூன்று எழுத்தைத் துரு தின்றுவிட்டது.
இரும்புக்குள் தேனீ இரைச்சல்.
கொள்ளளவு என்ன என்று கேட்கிறது படிவம்.

ஏழு, ஓட்டுநர் ஓய்வறை.
கரும்பலகையில் மூன்று பத்தி:
பெயர், போன நேரம், வந்த நேரம்.
ஐந்து பேர் போய் வந்திருக்கிறார்கள்.
ஆறாவது, ஆ. ஞானசிகாமணி.
போனது 2.40.
வந்த நேரம் இல்லை.

விபத்தா என்று கேட்க வாய் வரவில்லை.
முப்பிடாதி நாடாவைச் சுருட்டியபடியே,
"அன்னிக்கித்தான் சின்ன லைன்ல கடைசி வண்டி.
தூத்துக்குடியில எஞ்சினை ஒப்படைச்சிட்டு
பஸ்ஸுல வந்தாருல்லா.
பஸ்ஸுல வந்தா பலகையில எழுதக்கூடாதாம், சட்டமாம்.
கடைசி வரைக்கும் எழுதவே இல்ல."

"இப்போ எங்கே இருக்கார்?"

"மத்தியானம் நமக்குச் சால்னா ஊத்துனாரே,
பாக்கலியா?"

ஏழாம் எண்ணுக்கு எதிரே பயன்பாட்டை நிரப்பாமல்
பேனாவை மூடினேன்.
ஐந்து ஐம்பதுக்கு எனக்கும் பஸ்தான்.
பெரிய லைனில் ஒரு விரைவு வண்டி
நிற்காமல் போனது.
ஏழு கட்டிடமும் ஒரு தரம் குலுங்கி நின்றன,
பழைய அளவிலேயே நின்றனவா
என்று திரும்ப நாடா பிடிக்க
நேரமில்லை.