இரண்டு அலை நீளம்

எண்ணூர்ப் புகைபோக்கிகள் ஒன்றின் முதுகில் ஒன்று
ஒளிந்துகொள்ளும் இடத்தில்
எஞ்சின் செத்து மிதந்தது சற்குணத்தின் படகு.
கையைத்தான் ஆட்டினான். உறவு சொல்லிக் கூப்பிடவில்லை.
பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்.

எஞ்சினைத் தூக்கிச் சாய் என்றேன்
காற்றைப் பார்த்து.
காற்று போய் அவனிடம் சொன்னது.
வலையைப் பின்பக்கம் தள்ளு,
நீயும் அங்கேயே உட்கார்.
மூக்கு கனத்தால் இழுபடும் படகு
கயிறு கட்டிய மாடு மாதிரி இடமும் வலமும் முட்டும்.
மேல் கொண்டியில் மாட்டாதே,
தண்ணீரைத் தொடுகிற அந்த வளையத்தில் போடு,
இழுவை மூக்கைத் தூக்கட்டும்.

டீசல் கால் கேன்.
அதைத் துறைமுக வாய்க்கு ஒதுக்கிவிட்டுப் பாய் ஏற்றினேன்.
பாய் என்றால் பாயா அது?
அவன் மகளின் காதணி விழா ஃப்ளெக்ஸ்,
பன்னிரண்டுக்கு எட்டு.
பந்தல் பிரித்த மறுநாள் என் வீட்டுக்காரி சுருட்டி வந்து
எஞ்சினுக்குப் போர்வையாக்கினாள்.
தாய்மாமன், சித்தப்பன், கேபிள்காரர்,
வட்டச் செயலாளர் வரை முகம் முகமாய்ச் சிரிக்கிற அதில்
என் முகம் மட்டும் இல்லை.

கொண்டல் வந்து நிரப்பியது.
அச்சடித்த பக்கம் பின்னே பார்க்கக் கட்டியது
வேண்டுமென்றா என்று கேட்காதீர்கள்.
ஆறடி உயரத்தில், கன்னம் உள்வாங்கிய சற்குணம்
கைகூப்பி, வருக வருக என்று
சற்குணத்தை இழுத்துக்கொண்டு போனான்.

கயிறு முதலில் குட்டை.
பள்ளத்தில் நான் தயங்க
முகட்டிலிருந்து சறுக்கி வந்து
என் பின்பலகையை இடித்தான்.
பத்துப் பாகம் விட்டேன், அதிகம்.
நான் ஏறுகையில் அவன் இறங்க
தொய்ந்து கிடந்த கயிறு
சடீரென்று விறைத்துத் தண்ணீரை உதறியது.
எனக்குப் பல் கூசியது.
இரண்டு பாகம் இழுத்தேன். ஒன்றைத் திரும்ப விட்டேன்.

இரண்டு அலை நீளம்.
நான் என் முகட்டில் ஏறும்போது
அவன் அவனுடையதில்.
நான் விழும்போது அவனும்.
அப்போது கயிறு
கனத்தையே காட்டுவதில்லை.

சொல்லாமலே ஒன்று செய்தான்:
பெயின்ட் வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் எறிந்தான்.
படகு வாலாட்டுவதை விட்டது.
தொழில் தெரிந்தவன். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை,
சாராயக்கடையில்கூட.

மடியில் கத்தி செருகியிருந்தேன்,
அவன் முங்கினால் நான் வெட்டவேண்டும்.
அவன் தொடையருகிலும் ஒன்று மின்னியது.

திருவொற்றியூர்க் கற்களில் நுரை.
மணலிப் பக்கம் பகலிலும் எரிகிற அந்தத் தீ.
யாரும் பேசவில்லை.
ஃப்ளெக்ஸ் மட்டும் படபடத்தது,
கேபிள்காரர் வாயோரம் கிழியத் தொடங்கியிருந்தது.

காசிமேட்டு வாயில் பாயை இறக்கி, எஞ்சினைத் தட்டி,
கைக்குக் கை கயிற்றைச் சுருட்டி அவனை நெருக்கினேன்.
இங்கே நீளம் ஆகாது.
நைலான் முங்கும், காத்தாடியில் சுற்றினால்
ரெண்டு குடும்பமும் கல்லில்.

ஆறடியில் அவன் முகம்.
அச்சடித்ததைவிடச் சின்னது, உப்புப் பூத்தது.
"உன் ஃபோட்டோ கேட்டேன் மாமா அக்காவாண்ட,
நீ குடுக்கலன்னுச்சு."

ஐஸ் லாரி ஹாரன் அடித்தது நல்லதாய்ப் போயிற்று.

இருந்தது ஒன்று.
வங்கிக் கடனுக்கு எடுத்தது.
அதில் எனக்குக் கண் மூடியிருக்கும்.

கரை தொட்டதும் குனிந்து முடிச்சைப் பார்த்தான்.
இறுகிப்போன நனைந்த முடிச்சு, நகத்துக்கு மசியவில்லை.
காயட்டும் என்றான்.
நானும் பார்த்தேன்.
இரண்டு கத்தி இருந்தது எங்களிடம்.